விடாத கை

அம்மாவின் தொடுகையுறைக்குள் சுடரொளியின் கை சூடாக இருந்தது. மகள் ஓசூரில், அம்மா தென்காசியில். தொலைவில் இருப்பவரின் தொடுதலை அப்படியே கொண்டுவரும் இந்தத் தொடுகையுறை வந்த பிறகு, ஊர்விட்டு ஊர் கைபிடித்துப் பேசுவது காப்பி குடிப்பது போல ஆகிவிட்டது.

அந்தக் கைகளை நடத்தும் இயக்கி என்ற மென்பொருளைத் திருத்தி எழுதியவள் சுடரொளிதான். ஒரு கையுறைக்கு ஒரே தடம், ஒரு நேரத்தில் ஒரு கைக்குத்தான் அதில் இடம். ஒருவர் கை கொடுத்தால் இயக்கி அவருக்கென்று அந்தத் தடமும் நினைவகமும் சூடும் எடுத்து வைக்கும். அவர் போனதும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பழைய இயக்கியில் அந்த வேலை நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. ஒன்றை மறந்தாலும் போச்சு. ஆள் போனபின்னும் கை மட்டும் நிற்கும், அடுத்து வருபவருக்கு ‘தடம் காலியில்லை’ என்று பதில் வரும்.

அப்பா மருத்துவமனையில் இறந்த மாலையில் அவளுக்கும் அந்தப் பதில்தான் வந்தது. காலையில் கையுறை வழியே அவர் கையைப் பிடித்துப் பேசிவிட்டு “வாரேன்ப்பா” என்று சொல்லிப் போனவள், மறுபடி கை கொடுக்கத் தவியாய்த் தவித்தும் கடைசிவரை முடியவில்லை. அதை அம்மாவிடம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் சிதறிய வரிகளை வழித்தெறிந்துவிட்டு ஒரே விதி வைத்தாள்: ஆள் போனால், அவர் பிடித்ததெல்லாம் அந்த நொடியே தானாக விடுபடும். போன வாரம் அது எல்லாக் கையுறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள்.

“இப்பல்லாம் நீ வாரேன்னு சொன்ன ஒடனே கை வெடுக்குன்னு போயிருதே. ஏட்டி, எம்மேல கோவமா?” என்றாள் அம்மா.

பழையதில் ஒரு கோளாறு இருந்தது, அதைச் சரிசெய்துவிட்டேன் என்று சுடரொளி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“எனக்கு அந்தப் பழசுதான் பிடிச்சிருந்துச்சு. அப்பா போகும்போது ஒங்கை அவர் கைக்குள்ளதான இருந்துச்சு? ‘பிள்ள வாரேன்னு சொல்லிச்சு, ஆனா கைய விடல பாரு’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு.”

அன்று சுடரொளியை உள்ளே விடாமல் நிறுத்தியது, காலையில் அவளே விட்டுப்போன கைதான். அப்பா பிடித்திருந்ததும் அதையேதான். இனி எந்த அப்பாவுக்கும் அப்படி ஒரு கை மிஞ்சாது.

பேச்சு முடிந்தும் அவள் “வாரேன்” சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடியே இருந்தாள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் செய்தி அனுப்பியிருந்தான். அம்மாவுக்குக் கை கொடுத்தால் தடம் காலியில்லை என்று வருகிறதாம். புது இயக்கியிலும் அதே கோளாறா என்று கேட்டிருந்தான்.