போட்டே, போட்டே

வண்டியை நிறுத்திய பிறகும் பின்னாலிருந்து "போட்டே... போட்டே..." என்று குரல் வந்தது லிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

ஆரியசாலை அரிசி கோடவுனுக்கு அந்த ஃபோர்க்லிஃப்ட் வந்து பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. இடுங்கிய சந்துக்கென்றே செய்த ஒல்லியான பாட்டரி வண்டி. இருபுறமும் கூரை வரை மூட்டை. நடுவில் வண்டி போனால் மிச்சம் நாலு விரல். உள்ளே திரும்ப இடமில்லை. முகம் காட்டிப் போய் முதுகு காட்டித்தான் வரவேண்டும். மூட்டை சுமக்கும் தங்கப்பன் சந்து வாய்க்கு எதிரே இருந்த பின்சுவரோரம் நின்று "போட்டே" என்றால் இன்னும் வரலாம், "மதி" என்றால் நிறுத்த வேண்டும். லிங்கம் கழுத்தைத் திருப்பினால் கை அசையும், கை அசைந்தால் மூட்டை சரியும். அந்தக் குரலை நம்பித்தான் ஓட்டினான்.

அதே தங்கப்பனின் தலைச்சுமைப் பிழைப்பைத்தான் வண்டி பிடுங்கியிருந்தது. அவர் எதற்காக லிங்கத்துக்கு நல்லது நினைக்க வேண்டும்? சுவரில் ஒரு மோது மோதினால் போதும். முதலாளி வண்டியையும் அனுப்பிவிடுவார், கூடவே லிங்கத்தையும் சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு.

"நிறுத்தின பிறவும் எதுக்குண்ணே போட்டே சொன்னீய?"

"நானா? மதின்னு ஒரு வட்டம் சொன்னேன், பின்ன மிண்டவே இல்ல மக்கா. சத்தியமாட்டு."

மனுஷர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பலே ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான் லிங்கம்.

"இனிமே போட்டேயே வேண்டாம். சுவர் கிட்ட வந்தா மதின்னு மட்டும் சொல்லுங்க."

"சரி. மதி மட்டும் சொல்லுதேன்."

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு கர்க்கடக மாத மழை பிடித்தது. தகரக் கூரை இரைய, நனைந்த சாக்கு வாடையும் பழைய அரிசியின் புளித்த வாடையும் மூக்கை அடைக்க, உச்சியில் தொங்கிய ஒற்றை பல்பு கரண்ட் குறையக் குறையச் சிவந்துகொண்டே வர, லிங்கம் வண்டியை மெல்லப் பின்னுக்கு எடுத்தான்.

"போட்டே..."

பல்லைக் கடித்தான். சொன்ன சொல்லை ஒரு மணி நேரம்கூடக் காப்பாற்றவில்லையே இந்த ஆள்!

"போட்டே..."

குரல் பின்னாலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது. காதோரம். மூட்டைகளுக்குள்ளிருந்து.

"அண்ணே?" என்றான். பயமுறுத்திப் பார்க்கிறாரா? பார்க்கட்டும். மதி கேட்காமல் நிறுத்துவதாக இல்லை. எப்படியாவது இந்தச் சந்தைவிட்டு வெளியே போனால் போதும். லீவரை இன்னும் அழுத்தினான்.

"போட்டே..."

மதி வரவில்லை. இன்னும் ஓரடி. வரவில்லை.

மெத்தென்று எதிலோ இடித்து வண்டி நின்றது.

திரும்பினான்.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் தங்கப்பன். பிதுங்கிய கண்கள் அவனையே பார்த்தன. இரண்டு கைகளும் வண்டியின் முதுகைத் தள்ளியபடியே விறைத்திருந்தன. அவர் தோளை ஒட்டி, மூட்டை அடுக்கில், எலிகூட நுழைய முடியாத ஓர் இடுக்கு. அவர் வாயை இறுகப் பொத்தியிருந்த கை அதற்குள்ளிருந்து நீண்டிருந்தது.