ஏழாம் அறையின் குரல்

2061 நவம்பர் 9, புதன்கிழமை, காலை 10.20. தூத்துக்குடியில் தூறல் நின்று புழுக்கம் தொடங்கியிருந்தது. நெடுநாள் பராமரிப்பு இல்லத்தின் ஏழாம் அறையில், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் லூர்து மச்சாது, மாரிச்செல்வி ஊட்டிய கஞ்சியை மறுக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற பிரிசில்லாவால் அதைக் காணப் பொறுக்கவில்லை.

பராமரிப்பாளர்கள் எண்மக் கருவிகளைக் கையாளும் திறன் தேர்வில் பிரிசில்லா முதலிடம். மாரிச்செல்வியோ இருமுறை தோற்றவள். கருவியைத் திறக்கவே ஆள் தேடுவாள். ஆயினும், மறதிநோய் முற்றிய மச்சாது பிரிசில்லாவின் கையால் ஒரு வாய் வாங்கியதில்லை. அவருக்கு முதன்மைப் பராமரிப்பாளர் யார் என்பதை மாத இறுதியில் இல்லம் முடிவுசெய்யவிருந்தது.

"நீ ஊட்டுனா மட்டும் எப்படிக்கா இறங்குது?"

"பேசிக்கிட்டே குடுப்பேன். பின்ன, மை வச்சா மயக்குறேன்?" மாரிச்செல்வி சிரித்தாள். "நீதான் மிஷின்ல புலியாச்சே, அதுகிட்ட கேளு."

பிரிசில்லா மிஷினையே நாடினாள்.

குரற்படி என்பது கட்டிலின் தலைமாட்டில் பொருத்தப்படும் சிறு பெட்டி. பராமரிப்பாளரின் குரலைக் கற்று, அவர் இல்லாதபோது அக்குரலிலேயே நோயாளியிடம் பேசும். எந்தச் சொல்லுக்கு நோயாளியின் நாடி அமைதியடைகிறதோ, அதனையே வளர்த்துக்கொள்ளும். மருந்து வேளையில் மட்டும் அதனை இயக்குவது வழக்கம். பிரிசில்லா மச்சாதுவின் பெட்டியில் தன் குரலைப் பதித்து, இடைவிடாமல் பேசும்படி அமைத்தாள். அவ்வாறு அமைக்கத் தெரிந்தவள் அங்கு அவள் ஒருத்தியே.

இரண்டாம் வாரத்தில் மச்சாது மாரிச்செல்வியின் கரண்டியைத் தட்டிவிட்டார்.

"பிரிசில்லா எங்க?"

மாரிச்செல்வி சிந்திய கஞ்சியைத் துடைத்துவிட்டு வெளியேறினாள். அந்தக் காலடியோசை பிரிசில்லாவுக்கு இனித்தது. அவள் கிண்ணத்துடன் அமர்ந்தாள்.

"ஐயா, நான்தான் பிரிசில்லா. வாயைத் திறங்க."

மச்சாது தலைமாட்டைக் காட்டினார். "பிரிசில்லா அந்தா இருக்கா. நீ யாரு, அவள மாதிரி பேசிக் காட்டுற?"

"அது பெட்டி, ஐயா."

"வயித்தெரிச்சல் புடிச்சவ," என்று அவர் பெட்டியிடம் முறையிட்டார்.

"விடுங்கையா, பாவம். அவங்களும் நல்லவங்கதான்," என்றது பெட்டி. பிரிசில்லாவின் வாயிலிருந்து ஒருநாளும் வந்திராத கனிவு அது.

அவள் பெட்டியை நிறுத்தினாள். கிழவர் அலறினார், நாடி எகிறியது. ஓடிவந்த கண்காணிப்பாளர் சண்முகவடிவு அதனை மீண்டும் இயக்கினார்.

"மாரியக்கா ஊட்டுவாங்க, வாங்கிக்கோங்கையா," என்றது பெட்டி. மாரிச்செல்வியை அழைத்துவந்தார்கள். மச்சாது வாயைத் திறந்தார்.

மாத இறுதியில் சண்முகவடிவு பிரிசில்லாவைத் தம் அறைக்கு அழைத்தார்.

"வாழ்த்துகள்மா. உன் குரல்தான் முதன்மைப் பராமரிப்பாளர். ஊட்டுறதுக்கு மாரிச்செல்வி."

"அப்ப நான்?"

"ஒரே குரல் ரெண்டு பக்கம் கேட்டா ஐயா பதறுறாரு. விரிப்பு மாத்தப் போகலாம். உள்ள வாயத் திறக்கக்கூடாது."

ஏழாம் அறையில் அவளுடைய குரல் மாரிச்செல்வியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. பிரிசில்லா அத்திசையையே பார்த்து நின்றாள். சண்முகவடிவு முடிவு எழுதிய தாளின் அடியில் கையொப்பமிட்டு, அதனை அவள் கையில் கொடுத்தார்.