மூன்று நாள் தோல்

பட்டிக்குள் எல்லாச் செம்மறிக் குட்டிகளும் இருந்தன. ஆனாலும் கம்பிவேலிக்கு வெளியே ஒரு குட்டி கத்தியது.

இர்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். விடிந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. தெற்குக் காற்றோடு வந்த தூறல் மேய்ச்சல் மேட்டையும் யூகலிப்டஸ் வரிசையையும் குளத்தையும் மூடிவிட்டு, வேலியின் மூன்றாவது கம்பத்தோடு உலகமே முடிந்துவிட்டதுபோல் ஆக்கியிருந்தது. சீம்பாலும் நனைந்த கம்பளியும் புழுக்கையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பசித்த குட்டி விடாமல் கத்தும். இது அப்படி இல்லை. ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் நிறுத்தியது.

காதறுந்த ஆடு தலையைத் தூக்கியது. குட்டி கூப்பிட்டால் தாய் குரல் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. நரியைக் கண்டதுபோல் முன்காலை ஓங்கித் தரையில் மிதித்தது.

அதன் சொந்தக் குட்டி நேற்றுத்தான் குளிரில் விறைத்துச் செத்திருந்தது. அப்பா எவாரிஸ்தோ சூடு ஆறுவதற்குள் அதன் தோலை உரித்து, நான்கு கால்களுக்கும் துளை விட்டு, தாயில்லாத வேறொரு குட்டிக்குச் சட்டைபோல் மாட்டினார். வெறும் உடலைப் பருந்துகளுக்காக வேலிக்கு அப்பால் எறிந்தார். காதறுந்தது புதுக்குட்டியின் வாலடியை முகர்ந்தது. தன் குட்டியின் வாசனை. மடியைக் கொடுத்தது.

"ஆட்டுக்கு மூக்குதான் கண்ணு, புள்ள," என்றார் குட்டியின் காலைப் பிடித்திருந்த சித்தப்பா உலிசெஸ். "உங்கப்பனும் அப்படித்தான். குழம்பு வாசனையில மயங்கி உங்கம்மாவக் கட்டிக்கிட்டான். முகத்தை ஒரு வாரம் கழிச்சுத்தான் பாத்தான்."

"வாயை மூடிட்டுக் காலைக் கெட்டியாப் பிடிடா," என்றார் அப்பா.

பழைய நாளாயிருந்தால் சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா பதிலுக்கு ஒரு வசவு எறிந்திருப்பாள். மூவரும் ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு வேலையைப் பார்த்தார்கள்.

"மூணு நாள்தான்," என்றார் சித்தப்பா, பேச்சை மாற்ற. "அதுக்குள்ள கழட்டிடணும். விட்டா அழுகி, குட்டியோட தோலோட ஒட்டிக்கும்."

குளிர்கால ஜூன் மாதத்தில் தங்கை சுல்மா குளத்தில் மூழ்கிப் போனாள். ஐந்து வயது. கரையில் சிவப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கியிருந்தாள், நனைந்தால் அம்மா திட்டுவாள் என்று. அன்றிலிருந்து அம்மா தெல்மிரா விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே இருந்தாள். தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது. செப்டம்பரில் நூற்றிருபது ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஈனத் தொடங்கியபோது இர்மா பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். இரவெல்லாம் ஆடுகள் கத்தின. அம்மாவின் மணிக்கட்டு எலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது. இப்படியே போனால் குளிர்காலம் போனதுபோல் அம்மாவும் போய்விடுவாள் என்று இர்மாவுக்குத் தெரிந்தது.

வேலிக்கு வெளியே குட்டி கத்திய அன்று மாலை அவள் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்தாள். யாரும் அதைத் துவைக்கவில்லை. தலை வழியே இழுத்தபோது தையல் பிரிந்தது. சட்டையின் கை முழங்கையோடும் கீழ்விளிம்பு விலாவோடும் நின்றன. ஆட்டுக்கறிக் குழம்போடு அம்மாவின் முன்னால் மண்டியிட்டாள்.

அம்மாவின் மூக்குத்துளைகள் விரிந்தன. இர்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, உச்சியை, காதுக்குப் பின்னால், கழுத்தை முகர்ந்தாள்.

"எங்கடி போயிருந்த இவ்வளவு நேரம்?" என்றாள். மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. தட்டைக் கையில் வாங்கி முழுதும் சாப்பிட்டாள்.

அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். இர்மா வெளியே வந்ததும், அவள் முகத்தைப் பார்க்காமல், "மூணு நாள், தாயி. அப்புறம் கழட்டிடு," என்றார்.

மறுநாள் அம்மா எழுந்தாள். மழைநாளில் எப்போதும் செய்வதுபோல் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்தாள். இர்மாவின் தலையைச் சுல்மாவுக்குப் பின்னுவதுபோல் ரெட்டைச் சடையாகப் பின்னினாள்.

"ரொட்டி கல்லா இருக்கே, அண்ணி. நாய்க்கு எறிஞ்சா நாய் செத்துரும்," என்றார் சித்தப்பா.

"செத்தா செத்துட்டுப் போகட்டும். உன்னைவிடக் கொறைவாத்தான் அது திங்குது," என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். மாத்தே தேநீர் உறிஞ்சும் குழல் அவர் வாயிலிருந்து நழுவியது.

"அம்மா, நான் இர்மா," என்று அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"இர்மா பட்டியில இருக்கா. நீ சாப்பிடு."

மூன்றாம் நாள் காலையில் அப்பா குட்டியின் தோல்சட்டையை அறுத்து எடுத்தார். உள்பக்கம் பச்சையாகி நாறியது. காதறுந்தது குட்டியை முகர்ந்து, தன்னுடையதென்று மடியோடு சேர்த்துக்கொண்டது. "நல்லாப் பிடிச்சிருச்சு," என்றார் சித்தப்பா. அப்பா இர்மாவின் சிவப்புச் சட்டைக் கையைப் பார்த்தார். "இன்னைக்குச் சாயங்காலம்," என்றார்.

சாயங்காலம் இருவரும் மேட்டில் ஈனும் ஆடுகளைத் தேடிப் போயிருந்தார்கள். தூறல் விடவில்லை. வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தபோது அந்தக் குட்டி மறுபடி கூப்பிட்டது. ஒருமுறை. இடைவெளி. இர்மா வேலியோரம் நடந்தாள். கம்பியில் முட்டையின் வெள்ளைக்கருபோல் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. சேற்றில் சிறு குளம்புத் தடங்கள், பட்டியைச் சுற்றிச் சுற்றி.

மூன்றாவது கம்பத்தருகே அது நின்றது.

தோல் இல்லை. ரோஜா நிறமும் நீலமுமாய், மழை பட்ட இடமெல்லாம் துடித்தது. காதறுந்த ஆட்டைப் பார்த்துக் கத்தியது. ஆடு கம்பி வழியே முகர்ந்தது. பின்வாங்கியது. முட்டியது. குட்டி விழுந்தது. எழுந்தது. மறுபடி கம்பிக்கு வந்தது.

இர்மா ஓடினாள்.

அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்; கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. இர்மா கதவைத் தாழிட்டாள். சட்டையின் விளிம்பைப் பிடித்துத் தலைக்குமேல் இழுத்தாள். வரவில்லை. கம்பளி ஈரமாயிருந்தது. தோளோடு, முதுகோடு ஒட்டியிருந்தது. இழுத்த இடத்தில் எரிந்தது.

வெளியே காலடி. சின்னக் காலடி. ஒவ்வொன்றும் நீர் பிழியும் சத்தத்தோடு.

கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாளுக்கு வெகு கீழே.

"அம்மா... குளிருது."

கதவுக்கு அடியில் தண்ணீர் கோடாக உள்ளே வந்தது. குளத்துச் சேற்று வாடை.

அம்மா எழுந்தாள். கதவை நோக்கி இரண்டடி வைத்தாள். குனிந்தாள். முகர்ந்தாள்.

பிறகு காலை ஓங்கித் தரையில் மிதித்தாள்.

"போ! யார் வீட்டுப் புள்ளையோ. போ!"

"அம்மா," என்றாள் இர்மா. "அது சுல்மாம்மா. வெளிய சுல்மா நிக்கிறா."

"சுல்மா, நீ இங்கதானடி இருக்க?" அம்மா சிரித்தாள். கன்னத்தில் நிறம் திரும்பியிருந்தது. இர்மாவை இழுத்து மடியில் உட்காரவைத்தாள். கழுத்தை முகர்ந்தாள். மேலே ஏறியிருந்த சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். இறுக்கமாக.

"அக்கா," என்றது வெளியே. "என் சட்டையக் குடு, அக்கா."

இர்மா வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவள் விலாவைச் சுற்றியிருந்தது. சூடான கை. உயிருள்ள கை. வாயை மூடிக்கொண்டாள்.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு சின்ன நெற்றி வந்து அழுந்தியது. நீலம் பாரித்த வெறும் தோள். பக்கத்தில், அதன்மேல் சாய்ந்தபடி, தோலில்லாத குட்டி. இரண்டும் தூறலில் நடுங்கின.

இரண்டும் ஒருமுறை கூப்பிட்டன. பிறகு, பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றன.