டாங்கியில் இருந்த பெயர்

"பேரைக் காணோம் பிளாக்ஸ்டன் ஐயா! என் பிள்ளை பேரை எவனோ சுரண்டிட்டான்!"

அடா மெரிவேல் வாசலில் நின்றே கத்தினாள். ரயில்வே போலீசில் ஓய்வு பெற்ற ஓவன் பிளாக்ஸ்டன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய தங்கை மகள் மேவிஸ், உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டாள்.

ஆஸ்திரேலியாவில் எங்கள் வாலன்பா ஊர்ப் பூங்காவில் நிற்கும் ஜெர்மன் டாங்கி 1918 ஜூலையில் பிரான்சில் பிடிபட்டது. பிடித்த அன்றே நம் சிப்பாய்கள் அதில் ஆணியால் பெயர்களைக் கீறிவிட்டார்கள். எது கையில் சிக்கினாலும் பெயர் கீறாவிட்டால் நம் பையன்களுக்குத் தூக்கம் வராதே! 1920இல் இங்கே கொண்டுவந்து, துருப்பிடிக்காமல் பச்சை வண்ணம் அடித்து, வேலி போட்டு நிறுத்தினார்கள். அந்தப் பெயர்களில் ராய் மெரிவேல் என்பதும் ஒன்று. ராணுவமோ, ராய் மே மாதமே இறந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"மே மாசம் செத்தவன் ஜூலையில எப்படிய்யா பேர் எழுதுவான்? என் பிள்ளை பிரான்சுல எங்கேயோ உயிரோட இருக்கான். மாடுகளை வித்துக் கப்பல் டிக்கெட் வாங்கிட்டேன். துறைமுகத்துக்கு இன்னைக்குப் பதினோரு மணி ரயில். அந்தப் பேரைப் படம் பிடிச்சு எடுத்துட்டுப் போகலாம்னு பார்த்தா, படுபாவி…"

அவள் ஒரு தாளை நீட்டினாள். போன ஆண்டு அன்சாக் நாளில், அதாவது போர்வீரர் நினைவு நாளில், தாளை டாங்கிமேல் வைத்துப் பென்சிலால் உரசி எடுத்தது. பிளாக்ஸ்டன் அதை வெகுநேரம் பார்த்தார். மற்ற பெயர்கள் மழுங்கியிருந்தன. ராயின் பெயர் மட்டும் கூர்மையாக இருந்தது.

"மாமா, ராய்க்கு வேண்டாதவன் எவனோதான்!" என்றாள் மேவிஸ்.

"உன் வாயை மூடிட்டுத் தொப்பியை எடு."

மூவரும் பூங்காவுக்குப் போனதும் வேலிக் கதவைக் காவலாளி கிளாட் பார்ட்ரம் திறந்தான். போரில் ராயோடு ஒரே படையில் இருந்தவன். சாவி அவன் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. பெயர் இருந்த இடத்தைப் பிளாக்ஸ்டன் தொட்டார். விரலில் ஈரமான பச்சை வண்ணம் ஒட்டியது.

"சுரண்டிட்டு ஓடுறவன் நின்னு வண்ணம் பூசிட்டா போவான், கிளாட்? வெறும் இரும்பை அப்படியே விட உனக்குத்தான் மனசு வராது."

கிளாட் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் தள்ளினான்.

"இன்னொண்ணு. மத்த பேருக்குள்ள எல்லாம் வண்ணம் இறங்கி விளிம்பு மழுங்கிக் கிடக்கு. ராய் பேரு மட்டும் இந்தத் தாள்ல கூர்மையா இருக்கு, அப்படின்னா வண்ணம் அடிச்ச பிறகு அதை வெட்டிக் கீறினது. அது பிரான்சுல எழுதினது இல்ல. இங்கே, இந்த வேலிக்குள்ள எழுதினது."

"அப்போ ராய் ஊருக்கு வந்திருக்கான்!" என்று மேவிஸ் துள்ளினாள். அடாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கப் பிளாக்ஸ்டனுக்குப் பொறுக்கவில்லை.

"இல்லம்மா," என்றார் பிளாக்ஸ்டன். "சாவி ஒருத்தன்கிட்டதான் இருக்கு."

"நான்தாம்மா," என்றான் கிளாட். "எல்லார் பேரும் இருக்கு, அவன் பேர் இல்லையேன்னு மனசு கேக்கல. தேதியை நான் யோசிக்கவே இல்ல. நீங்க அதையே பிடிச்சுக்கிட்டீங்க, அப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல. கப்பல்னு கேட்டதும், பேர் இல்லேன்னா போகமாட்டீங்கன்னு நினைச்சுத்தான் சுரண்டினேன். மே மாசம் அவன் என் பக்கத்துலதான் இருந்தாம்மா. குண்டு விழுந்துச்சு. எடுக்க ஒண்ணும் மிஞ்சல."

அடா அவன் மார்பில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கிளாட் விலகவில்லை. நிலையத்தில் பதினோரு மணி ரயில் ஊதிவிட்டுப் போயிற்று. அதன் பிறகுதான் அவள் கை ஓய்ந்தது.

"எட்டு வருஷமா ராத்திரியில வாசக்கதவைத் தாழ் போடலடா நான். புள்ளை வந்து வெளியில நிக்கக் கூடாதேன்னு."

கிளாட் தேம்பினான். அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்குக் கை வராது. இன்னைக்கு ராத்திரி நீ வந்து அந்தத் தாழைப் போட்டுக் குடு."