அந்தக் கையைக் கட்டு!

“ஐயோ… சிஸ்டர்ர்ர்!”

பாண்டிச்செல்வி போட்ட அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. உட்கார முடியாதவர்கள் கண்ணையாவது திறந்தார்கள்.

டீ டம்ளர் தரையில் உருண்டது.

ஏழாம் நம்பர் கட்டிலில், தலையில் கட்டோடு அவளுடைய கணவன் இசக்கியப்பன். அவன் கழுத்துக்குழியில் துளை போட்டுச் செருகியிருந்த மூச்சுக்குழாய்…

பாதி வெளியே வந்து கிடந்தது!

உதடுகள் நாவல்பழ நிறம். கண்கள் கூரையில் குத்திட்டு நின்றன.

காலை மணி ஏழு பத்து. நர்சுகள் ஷிப்ட் மாறும் நேரம். எல்லோரும் மேஜைப் பக்கம் கூடியிருந்தார்கள். நர்ஸ் ஷாரோன்தான் முதலில் ஓடி வந்தாள். பின்னாலேயே டியூட்டி டாக்டர்.

“தள்ளுங்கக்கா… தள்ளுங்க!”

திரை இழுபட்டது. உள்ளே என்னென்னவோ சத்தம். பாண்டிச்செல்வி திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கும்பிடத் தோன்றவில்லை. அழத் தோன்றவில்லை. ‘டீ குடிக்கப் போனியே… டீ குடிக்கப் போனியே…’ என்று மனசு ஒரே வார்த்தையைப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தது.

நாலு நிமிஷம்.

திரை விலகியது.

“பொழைச்சிட்டாரு. இன்னும் ரெண்டு நிமிஷம் லேட்டாயிருந்தா…” ஷாரோன் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்படிம்மா கழண்டுச்சு?”

ஷாரோன் குரலைத் தாழ்த்தினாள்.

“சில பேஷண்ட் பண்றதுதான்க்கா. மயக்கம் தெளிஞ்சதும் தன்னோட நெலமை தெரிஞ்சுடும். கை போச்சுன்னு தெரிஞ்சா… தானே புடுங்கிக்குவாங்க.”

தானே!

பாண்டிச்செல்வி கட்டிலைப் பார்த்தாள். வலது கை முழங்கை வரை வெள்ளைத் துணிப் பொதி. அதற்குள் மூன்று விரல்கள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கு நேற்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

‘சாகவா பார்த்தீங்க? என்னைய இந்த ஊர்ல தனியா விட்டுட்டா?’

“இன்னாம்மா… இன்னாச்சு?”

வாசலில் குரல். கையில் கஞ்சி பிளாஸ்க். நெற்றியில் திருநீறு. புருஷோத்தமன்!

அவரைப் பார்த்ததும்தான் பாண்டிச்செல்விக்கு அழுகை வந்தது.

“அண்ணே… அவுக குழாயைப் புடுங்கிட்டாக அண்ணே!”

“அட முருகா!”

இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவர்தான். எட்டே நாள் சொந்தம்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு அவளுக்கு வந்த போன் அவருடையது. ‘வல்லக்கோட்டை ரோட்டாண்ட உன் வூட்டுக்காரு அடிபட்டு கெடக்கறாரும்மா. ஏதோ லாரி அடிச்சிட்டு நிக்காம பூட்டான். நான் என் வண்டில ஏத்திகினு ஆஸ்பத்திரிக்கு வந்துகினு கீறேன்.’ வல்லக்கோட்டைப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறாராம். கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பார்த்தாராம். அன்றிலிருந்து தினமும் காலை கஞ்சியோடு வந்துவிடுவார். கூடப் பிறந்தவன் கூட இப்படி வரமாட்டான்.

நேற்று சாயங்காலம் இசக்கியப்பன் முதல்முறையாகக் கண் விழித்தபோது ஊரில் இருக்கும் மாமியாருக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குத்தான் போன் போட்டுச் சொன்னாள்.

‘கண்ணு முழிச்சிட்டாக அண்ணே! ரெண்டு நாள்ல பேச்சும் வந்துருமாம்!’

‘என் வல்லக்கோட்டை முருகன் கைவுடலம்மா’ என்றார் அவர்.

இப்போது அவர் கட்டிலருகே வந்து நின்று நாக்கால் ‘ச்சு’க் கொட்டினார்.

“எம்மா நர்சு! அந்த எடது கையை இப்படி சும்மா வுட்டா திரும்பவும் புடுங்கிக்குவாரு. அந்தக் கையைக் கட்டு!”

“அதான் சார் பண்ணப் போறேன்.”

ஷாரோன் கட்டுத்துணியைச் சுற்றி இடது மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள். இசக்கியப்பனின் தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. கண்ணோரம் நீர் இறங்கியது.

பாண்டிச்செல்வியால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்குள் இன்னொரு முள்ளும் இருந்தது. எட்டு நாளாக யாரிடமும் சொல்லாத முள்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வார லீவு. அவளுக்குப் புதன்கிழமை. ஒரகடத்தில் அவன் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிறான். அவள் வேறொரு கம்பெனியில் ஒயர் கோக்கிறாள். அன்றைக்கு அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, ‘நான் ரூம்லயே படுத்துத் தூங்குதேன் புள்ள. ஒடம்பெல்லாம் வலி’ என்றான்.

ரூமில் தூங்கியவன் வல்லக்கோட்டை ரோட்டில் எப்படிக் கிடந்தான்?

யாரைப் பார்க்கப் போனான்?

உயிருக்குப் போராடுகிறவனைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்குப் பயந்து சந்தேகம் வெளியே போய்விடுகிறதா என்ன? அவனுக்கு வாய் துடைத்துவிடும்போதும், புண் வராமல் முதுகைத் திருப்பிப் போடும்போதும் அது கூடவே உட்கார்ந்திருந்தது.

மணி பதினொன்று.

பூட்ஸ் சத்தம். சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி. கூடவே கையில் பேப்பர் அட்டையோடு ஒரு கான்ஸ்டபிள்.

“பாண்டிச்செல்வி நீங்கதானே? கண்ணு முழிச்சுட்டாருன்னு சொன்னாங்க. எப்படி இருக்காரு?”

“இருக்காக மேடம்.”

“அடையாளம் தெரியாத லாரி மோதினதா எழுதியிருக்கு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இதை முடிச்சிடலாம். சாட்சி…” வேல்விழி தாளைப் புரட்டினாள். “புருஷோத்தமன்?”

“நாந்தாங்க மேடம்.” புருஷோத்தமன் பிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்று கும்பிட்டார்.

“லாரி நம்பர் பாக்கலையா?”

“எங்க மேடம்! புழுதியா கெளப்பிகினு பூட்டான்.”

“என்ன கலர்?”

“மஞ்சளு… இல்ல, ஆரஞ்சு மாதிரி.”

“புழுதியில மஞ்சள் தெரிஞ்சுது. நம்பர் தெரியலை.”

“வயசாயிடுச்சு மேடம்” என்று சிரித்தார் புருஷோத்தமன். “தங்கச்சி, நீ கையெழுத்துப் போடும்மா. மேடம் நிக்கறாங்க பாரு.”

பாண்டிச்செல்வி பேனாவை வாங்கினாள்.

டக்… டக்… டக்…

கட்டில் கம்பி!

இசக்கியப்பனின் கட்டிய கை கம்பியில் மோதிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் துணி இறுகித் தோல் சிவந்திருந்தது. அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. கால்மாட்டையே பார்த்தன.

“அவுகளுக்கு நோவுது. கட்டை அவுக்குதேன்.”

“வோணாம்மா!” புருஷோத்தமன் பதறினார். “காலைல பட்டது பத்தாதா? திரும்பவும் உசுரை வுடப் பாப்பாரு!”

“நாந்தான் பக்கத்துல நிக்கேன்லா?”

“சொன்னா கேளும்மா!”

அந்தக் குரலில் இருந்த அதட்டல் அவளுக்குப் புதிதாக இருந்தது. எட்டு நாளில் ஒரு தடவை கூட அவர் இப்படிப் பேசியதில்லை.

பாண்டிச்செல்வி முடிச்சை அவிழ்த்தாள்.

ஷாரோன் ஓடி வந்தாள். “அக்கா, குழாய்… குழாய்…”

இசக்கியப்பனின் கை குழாய்ப் பக்கமே போகவில்லை.

மெல்ல, நடுங்கிக்கொண்டு மேலே எழுந்தது. முஷ்டியாக மூடியது. ஐந்து விரலும் விரிந்தன. மறுபடி மூடியது. மறுபடி விரிந்தது.

அடுத்த நொடி…

புருஷோத்தமனின் இரண்டு கைகளும் தோளுக்கு மேலே போய் நின்றன! பத்து விரலும் விரிய ஓரடி பின்னால் போய்விட்டார். பிளாஸ்க் ‘டமால்’ என்று விழுந்து கஞ்சி வார்டெல்லாம் ஓடியது.

“யோவ், நான் இன்னும் துப்பாக்கியே எடுக்கலையே!” என்றாள் வேல்விழி.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை.

அவள் கண் முன்னால் தென்காசிக் கல்யாண மண்டபம் வந்து நின்றது. போட்டோகிராபர் ‘எல்லாரும் ரெடியா’ என்று கையை மூடி விரித்துக் காட்டினார். அவ்வளவுதான்! கழுத்தில் மாலையோடு நின்ற மாப்பிள்ளை இசக்கியப்பன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் நின்ற பிரஸ் ஷாப் கூட்டாளிகள் நாலு பேரும் அப்படியே! ‘தாலி கட்டுறதுக்கு முன்னாலயே மாப்ள சரண்டராயிட்டாம்ல!’ என்று மண்டபமே குலுங்கியது.

அன்று ராத்திரி அவன் விளக்கம் சொன்னான்.

‘எங்க செக்‌ஷன்ல மிஷின் சத்தத்துல காதே கேக்காது புள்ள. எல்லாம் கைப்பாஷைதான். கையை மூடி விரிச்சா, மிஷினை ஓட்டப் போறோம்னு அர்த்தம். ஒடனே அத்தனை பேரும் பின்னால நவுந்து பத்து விரலும் வெளிய இருக்குன்னு தூக்கிக் காட்டணும். பழகிப் பழகி, அந்தக் கையைப் பாத்தா மூளையைக் கேக்காமலே கை தானா எந்திரிச்சிரும்…’

பாண்டிச்செல்வி பேனாவை மூடினாள்.

“அண்ணே… மாவு மில்லுல எதுக்கு அண்ணே கையைத் தூக்குவாக?”

புருஷோத்தமன் கைகளைச் சட்டென்று கீழே இறக்கினார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அது… ஏதோ பயந்துட்டேம்மா.”

“எங்க வீட்டுக்காரவுக கையைப் பாத்தா பயந்தீக?”

“என்ன நடக்குது இங்க?” வேல்விழியின் குரல் மாறிவிட்டது.

“மேடம், இவரு பிரஸ் ஷாப்காரரு. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல… பல வருசம் மிஷின்ல நின்ன ஆளு. இதை எங்கிட்ட ஏன் மறைச்சாருன்னு கேளுங்க!”

“மேடம், பொண்ணு எட்டு நாளா தூங்கல. புத்தி கலங்கிப் பேசிகினு கீது…”

பாண்டிச்செல்வி கட்டில் மேல் குனிந்தாள். கணவனின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“நான் கேக்கதுக்கு ஆமான்னா ஒரு விரலு. இல்லன்னா ரெண்டு. சரியா?”

ஒரு விரல்.

“ரோட்டுலயா அடிபட்டீக?”

இரண்டு விரல்!

“இவரு பட்டறையிலயா?”

ஒரு விரல்.

“லீவு நாள்ல எங்கிட்டச் சொல்லாம அங்க வேலைக்குப் போனீக?”

கொஞ்சம் தயக்கம். பிறகு… ஒரு விரல்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. அதைக் கேட்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. போலீசுக்கு அது தேவையோ இல்லையோ, அவளுக்குத் தேவை. மிச்ச ஆயுசு முழுக்கத் தேவை.

“காலைல… அந்தக் குழாயை… நீங்களாவா புடுங்குனீக?”

இசக்கியப்பன் அவளையே பார்த்தான்.

இரண்டு விரல்!

அவன் சாகப் பார்க்கவில்லை! அவளை விட்டுப் போகப் பார்க்கவில்லை! பாண்டிச்செல்வி அந்த இரண்டு விரலையும் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ‘ஓ’வென்று அழுதாள்.

விரல்கள் அவள் பிடியிலிருந்து நழுவிக் கால்மாட்டைக் காட்டின.

புருஷோத்தமன் வாசலை நோக்கி ஓடினான்!

நாலே எட்டு. ஷாரோன் மருந்துத் தள்ளுவண்டியைக் காலால் ஓர் உதை விட்டாள். அது நேராகப் போய் அவன் முழங்காலில் இடித்தது. ஏற்கெனவே தரையெல்லாம் கஞ்சி. வழுக்கினான். மல்லாக்க விழுந்தான்.

கான்ஸ்டபிள் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

வேல்விழி அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “வராண்டாவுல கேமரா இருக்கு. காலைல ஏழு மணிக்கு யாரு உள்ள வந்தாங்கன்னு நான் பாக்கணுமா? இல்ல, நீயே சொல்றியா?”

“பாக்க வோணாம் மேடம்…” அவன் குரல் உடைந்தது. “இருபது வருசம் கம்பெனில பிரஸ் ஓட்டினேன். அப்பறம் சொந்தமா ஷெட்டு போட்டேன். லைசென்சு ஒண்ணும் கெடையாது. லீவு நாள்ல பசங்களைக் கூப்ட்டு ஓட்டுவேன். சிக்கின தகட்டை எடுக்க இவன் உள்ள கையை வுட்டுகினு இருந்தான். அவசரம்… பத்து விரலைப் பாக்காம பட்டனை அமுக்கிட்டேன். கை போய், அப்படியே சாஞ்சதுல தலையும் தரைல மோதிக்கிச்சு. ஷெட்டுல நடந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா நான் அழிஞ்சேன். அதான் ரோட்டுல அடிபட்டதா…”

“அதோட வுட்டிருந்தா கூட விபத்து. இன்னிக்குக் காலைல பண்ணினதுக்குப் பேரு வேற.”

பாண்டிச்செல்வி எழுந்து அவன் எதிரே வந்தாள்.

“தெனமும் கஞ்சி கொண்டாந்தியே… எனக்குன்னு நெனைச்சேன். அவுக எப்பம் கண்ணு முழிப்பாகன்னு பாக்கவா வந்தே? அண்ணே அண்ணேன்னு நானே உனக்குப் போன் போட்டுச் சொன்னேனே!”



“இழுத்துட்டுப் போங்க” என்றாள் வேல்விழி. பிறகு பாண்டிச்செல்வியின் தோளில் கை வைத்தாள். “அந்தப் பழைய பேப்பரைக் கிழிச்சுடறேன். உங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்ததும் புதுசா எழுதிக்கலாம். தைரியமா இருங்க.”

“சரிங்க மேடம்.”

பாண்டிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினாள். இசக்கியப்பன் அவளைப் பார்த்து லேசாகச் சிரிக்க முயன்றான்.

அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“ரூம்ல படுத்துத் தூங்குதேன்னு சொன்னீகளே… என்ன? ஒடம்பெல்லாம் வலின்னு சொன்னீகளே… என்ன? எட்டு நாளா நான் என்னென்ன நெனைச்சு வெந்தேன் தெரியுமா? நல்லா ஒடம்பைத் தேத்திக்கிடுங்க. வீட்டுக்கு வாங்க. அங்க வெச்சு விசாரிச்சுக்கிடுதேன்!”

இசக்கியப்பன் முகத்தில் சிரிப்பு காணாமல் போனது.

இடது கையை மெல்லத் தூக்கினான். வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டரின் முதுகைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

ஷாரோன் கொல்லென்று சிரித்தாள்.

“மேடம், கொஞ்சம் நில்லுங்க… இவரும் உங்க கூடவே ஸ்டேஷனுக்கு வந்துடறாராம்!”