ஆறு வருடமாக விழுந்துகொண்டிருந்த அரசி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நூற்றாண்டுக்கு ஒருமுறை மட்டுமே நிகழக்கூடிய மாபெரும் சம்பவமொன்று, மழை பெய்த ஒரு சனிக்கிழமை மாலை, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நிகழ்ந்தது. ஒரு தாடிக்காரன் கண் பரிசோதனைக்கு வந்தான்.

பேருந்து நெரிசலில் அவன் கண்ணாடி மிதிபட்டு நொறுங்கியிருந்தது. அது இல்லாமல் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்பதே அவனுக்குச் சந்தேகம். கண் பார்க்கும் பெண்ணோ முகக்கவசத்தில் இருந்தாள்.

“தாடையை இதுல வையுங்க. அசையாதீங்க.”

கருவி வழியே பார்த்தவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாற்பது கண் பார்ப்பவள் அவள். கவிஞர்கள் கடல் என்று அளந்துவிடும் இடத்தில் அவளுக்குத் தெரிவது பெரும்பாலும் தூசிதான். இந்தக் கண்ணில்... பழுப்பு நிறத்தில் ஒரு பள்ளத்தாக்கே இறங்கியது. விளிம்பில் நிற்பதுபோல் கால் கூசியது.

அவனுக்குச் சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றிக் காட்டினாள். “எது தெளிவா இருக்கு? ஒண்ணா... ரெண்டா?”

“ஒண்ணு.”

அவள் கையிலிருந்த வில்லை நழுவி விழுந்தது.

அந்தக் குரலையும் அந்த ‘ஒண்ணை’யும் மறக்க முடியுமா? கல்லூரித் தோழர்கள் ஞாயிறுதோறும் கூடிக் கதை விளையாட்டு ஒன்று விளையாடுவார்கள். ஆளுக்கொரு வேடம். கதையை நடத்துகிறவன் இவன். ஆபத்து வந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். அவள் வாளரசி. ஆறு வருடத்துக்கு முன், உடைந்த பாலத்தைத் தாண்டக் குதித்தாள். பகடையில் ஒன்று விழுந்தது; அப்படியென்றால் தாண்டாமல் கீழே விழுகிறாள். இன்னொரு தடவை உருட்டக் கேட்டாள். இவன், பெரிய நீதிமான், “ஒண்ணுன்னா ஒண்ணுதான்” என்றான். பையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவே இல்லை. இருபது வயதில் ரோஷம் அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்.

“இப்பவும் மாத்த முடியாதா, கதைக்காரரே?”

அவன் கண்ணை இடுக்கினான். சோதனைச் சட்டம் மூக்கில் ஆடியது. “...அரசியா?”

“செத்துப்போன அரசி. எப்பவோ புதைச்சிருப்பீங்க.”

“இல்லையே. நீ இன்னும் விழுந்துகிட்டேதான் இருக்க.”

“என்னது?”

“ஆள் வராதப்ப அவங்க வேடத்தைத் தொடக்கூடாது. நம்ம விதிதானே? அதான் நடுவானத்துல நிறுத்தி வச்சிருக்கேன். நம்ம மந்திரவாதிக்குக் கல்யாணமாகிக் குழந்தையே பொறந்தாச்சு... நிஜத்துல. இன்னும் வந்ததும் வராததுமா, ‘அந்தம்மா தரைக்கு வந்தாச்சா’ன்னுதான் கேக்கறான்.”

அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. வேலை தேடி அலைந்து, வீடு மாறி, தன்னையே எங்கோ தொலைத்திருந்த இத்தனை காலமும், ஏதோ ஓர் அறையில் அவள் காற்றில் நின்றிருக்கிறாள்... கூந்தல் பறக்க, வாள் மின்ன, ஒரு நாள்கூட வயது ஏறாமல்.

“கீழ என்ன இருக்கு?”

“முதல்ல வெறும் பாறை. மனசு கேக்கல. ஒரு ஆறு விட்டேன். அப்புறம் ஆழம் பத்தலையோன்னு... அதை எழுதவே ரெண்டு நோட்டு ஆச்சு.”

“விளையாட்டுக்கு யாராவது இவ்வளவு செய்வாங்களா?”

“விளையாட்டுக்குச் செய்யல.” தாடிக்கு மேலே மிச்சமிருந்த கன்னம் சிவந்தது. “தரையில இறக்கிட்டா உன் கதை முடிஞ்சுடும். பிடிக்கும்னு சொல்ல எனக்கு வேற வழி தெரியல.”

“வாயைத் திறந்து சொல்றது ஒரு வழி, மரமண்டை.” முகக்கவசத்தைக் கழற்றினாள். “பகடைக்காகவா நான் வராம இருந்தேன்? நீ பின்னாடியே ஓடி வருவேன்னு... வாசல் வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன்.”

வெளியே மழை கொட்டியது. அவன் சோதனைச் சட்டத்தைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமலே அவளைத் தெளிவாகப் பார்த்தான்.

மறுநாள் ஞாயிறு, அவள் விளையாட்டுக்குப் போனாள். மந்திரவாதி குழந்தையோடு எழுந்து நின்றான். அறையே மூச்சடக்கிக் காத்திருக்க, பகடையை உருட்டினாள்.

வாளரசி ஆற்றில் விழுந்து பிழைத்தாள்; இடது கால் மட்டும் முறிந்தது.