கொன்ற பிறகும் ஓடிய கோடு

நிறுத்திய பிறகும் திரையில் அந்தக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மகளுக்கு அடிக்கடி இளைப்பு வரும். அவள் தூங்கும்போது மூச்சைக் கவனிக்க, அம்மாக்காரி தானே சி மொழியில் எழுதிய புரோகிராம் அது. ஓடத் தொடங்கியதும் அது தன்னைப்போலவே தனியாக ஓடும் ஒரு குழந்தை ப்ராசஸைப் பெற்றெடுக்கும்; அதை நிறுத்துவதற்குக் ‘கொல்வது’ என்று பேர். குழந்தை பக்கத்து அறை மைக்கில் கேட்கும் மூச்சை எண்ணாக்கி எழுதும். தாய் ப்ராசஸ் படித்துக் கோடாக வரையும். பிரிந்த பிறகு ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது என்பதால், பெறுவதற்கு முன்பே இரண்டுக்கும் பொதுவாகக் கொஞ்சம் மெமரி ஒதுக்கியிருந்தாள்.

விடாத மழையில் மத்தியானமே மங்கிப்போய், அறைக்குள் காயாத துணியின் ஈர வாடையும் சூடேறிய கம்ப்யூட்டரின் வாடையும் ஒன்றாய்க் கலந்து கனத்துக் கிடக்க, ஜன்னல் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஆபீஸ் சீனியருக்கு போன் போட்டாள்.

“குழந்தைய கொன்னியா, இல்லையா?” எதையோ மென்றுகொண்டே கேட்டாள் சீனியர்.

“கொன்னுட்டேன்க்கா. செத்துப்போச்சு, பாத்துட்டேன்.”

சொன்ன பிறகுதான், திறந்திருந்த கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அப்ப பழைய நம்பரையே திரும்ப வரையுது. எல்லாத்தையும் சைபர் ஆக்கிப் பாரு.”

ஆக்கினாள். கோடு படுத்தது. பெருமூச்சு விட்டாள்.

மெல்ல எழுந்தது கோடு.

“அக்கா, யாரோ எழுதுறாங்க.”

“வெளியாள் எப்படிடி வருவான்? நீ ஒதுக்கின மெமரிக்குத் தேடிக் கண்டுபிடிக்கப் பேர்கூடக் கிடையாது. அந்தத் தாய் பெத்ததுதான் அதுல எழுத முடியும்.” சிரித்தாள். “உனக்குத் தெரியாம இன்னொண்ணு பெத்துடுச்சோ என்னவோ!”

ஓடும் ப்ராசஸ்களின் பட்டியலைப் பார்த்தாள். தாய்க்குக் கீழே எதுவும் இல்லை.

போனை வைத்துவிட்டு மகளிடம் போனாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது பிள்ளை. குருவிபோல் துடிக்கும் சின்ன மூச்சு. மைக்கின் வயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்தாள்.

கோடு ஓடிக்கொண்டிருந்தது. நீளமாக, நிதானமாக. பிள்ளை மூன்று மூச்சு விடும் நேரத்துக்கு ஒரே மூச்சு.

கையிலிருந்த வயரை மேஜைமேல் போட்டாள்.

தாயையே நிறுத்திவிடலாம். கட்டளையை அடித்தாள். எண்டர் பட்டன்மேல் விரல்.

“அம்மா.”

உள்ளிருந்து. தூக்கக் கலக்கமே இல்லாத குரல்.

“அதை மறுபடியும் கொல்லாதம்மா. இப்பத்தான் தூங்குது.”

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். வாசலில் நின்றாள்.

மகள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. பக்கத்தில் வெறும் மெத்தை. அதற்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில், எதன் மேலோ வைத்தாற்போல் அவள் உள்ளங்கை.

மெதுவாக மேலே போனது. மெதுவாகக் கீழே வந்தது.